வேலையில் கை போனால் குடும்பத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும்: இழப்பீடு, காப்புறுதி, உதவித்தொகை

சாட்ஸ்வர்த்_தங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரத்தை இயக்கி வந்தார். வயது 41. சென்ற மாதம் அந்த இயந்திரத்தில் கை சிக்கியதால் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை. ஆலை அவரை நேரடியாக வேலைக்கு அமர்த்தவில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலமாக நான்கு ஆண்டுகளாக அதே ஆலையில் அதே இயந்திரத்தில் வேலை செய்தார். மாதச் சம்பளம் 12,000 ராண்டு.

நேற்று ஏஜென்சியின் மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து இரண்டு தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று நோய் விடுப்பு விண்ணப்பம். மற்றொன்று, இரு தரப்பும் மனமொத்துப் பிரிவதாகவும் அதற்காக 20,000 ராண்டு தருவதாகவும் கூறும் ஒப்பந்தம். விடுப்பு தீர்ந்ததும் யூஐஎஃப் (வேலையின்மைக் காப்புறுதி நிதி) பணத்துக்கு எழுதிப் போடலாம், அதுவும் தீர்ந்தால் அரசின் சமூக உதவி அமைப்பான சாசாவில் கிராண்ட் (உதவித்தொகை) வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாராம். அண்ணி பகுதி நேரமாக ஒரு கடையில் வேலை செய்கிறார், பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள், மரச்சாமான் கடன் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் 20,000 என்றதும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய_ஷாப்ஸ்டூவர்டு எழுதியது:

அம்மா, அந்த இரண்டு தாள்களிலும் அண்ணன் கையெழுத்துப் போடக் கூடாது. திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அவை உங்களுக்குப் பயன்படும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இந்த நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. என் தலைமுறை ஆலைத் தொழிலாளர்கள் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேலை செய்தவர்கள், ஆகவே இன்றும் ‘வொர்க்மென்ஸ்’ என்றுதான் சொல்வோம். இப்போது நடைமுறையில் இருப்பது 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் இழப்பீட்டுச் சட்டம். 1994 மார்ச் 1 முதல் செயலில் உள்ளது. சம்பளப் பிரிவுகளில் ‘கோய்டா’ என்பார்கள். அதன் அடிப்படைப் பேரம் இதுதான்: யாருடைய தவறு என்று நிரூபிக்காமலேயே தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்கும், அதற்கு ஈடாக, அவர் தன் முதலாளிமீது நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடர முடியாது. முதலாளிகள் ஆண்டுதோறும் கட்டும் தொகையிலிருந்து இழப்பீட்டு நிதியம் பணம் கொடுக்கிறது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து இதற்காக ஒரு சென்ட்கூடப் பிடிக்கக் கூடாது.

விபத்து நடந்ததை அறிந்த ஏழு நாட்களுக்குள் முதலாளி அதை நிதியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அண்ணன் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அவருடைய சம்பளத்தில் 75 விழுக்காடு கிடைக்க வேண்டும்; முதல் மூன்று மாதங்களுக்கு அதை முதலாளியே கொடுத்துவிட்டுப் பிறகு நிதியத்திடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வார். உங்கள் அண்ணனுக்கு மாதம் 9,000, மூன்று மாதத்துக்கு 27,000 ராண்டு. ஆக, அந்த மேற்பார்வையாளர் 20,000 ராண்டைக் காட்டி வாங்க நினைப்பது, முதல் மூன்று மாதத்துக்கே வர வேண்டிய தொகையைவிடக் குறைவான விலைக்கு அண்ணனுடைய வேலையையும் சேர்த்துத்தான்.

நோய் விடுப்பு விண்ணப்பமும் தவறானது. வேலை நிபந்தனைகள் சட்டத்தில் உள்ள நோய் விடுப்பு, இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் பணம் கிடைக்கும் வேலைக் காயத்துக்குப் பொருந்தாது. இழப்பீடு கிடைக்காத நாட்களுக்கு மட்டுமே அதைத் தொடலாம். யூஐஎஃப் பணமும் அப்படியே. ஒரே காயத்துக்கு இழப்பீட்டு நிதியத்தின் பணம் வரும்போது யூஐஎஃப் நோய்க்காலப் பணம் சேராது. ஆகவே அவர்கள் சொல்லும் வரிசையில் போனால், அவர்கள் கட்ட வேண்டிய பணத்தை அண்ணன் தன் விடுப்பிலிருந்தும் தன் யூஐஎஃப் கணக்கிலிருந்தும் தானே கட்டிக்கொண்டவர் ஆவார்.

பைன்டவுன்_சம்பளப்பிரிவு எழுதியது:

ஐயா சொன்னது சரி. நான் பல ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன், ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதப் பணத்தை நிறுவனம் கையிலிருந்து கொடுத்துவிட்டு நிதியத்திடமிருந்து திரும்ப வாங்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2019இல் கணினி முறையை மாற்றி ‘காம்ப்ஈஸி’ என்று கொண்டுவந்தார்கள். பெயரில் இருக்கும் எளிமை பயன்பாட்டில் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. சிறிய நிறுவனங்கள் இதனால்தான் ‘நோய் விடுப்பில் போட்டுவிடு’ என்கின்றன. இது நியாயம் ஆகாது, காரணம் மட்டுமே.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை: முதலாளியின் விபத்து அறிக்கையான டபிள்யூசிஎல் 2 படிவத்தின் நகல், முதலில் பார்த்த மருத்துவர் எழுதிய டபிள்யூசிஎல் 4, நிதியம் கொடுத்த கோரிக்கை எண். இந்த எண் கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பதில் கிடைக்காது. முதலாளி அறிக்கை அனுப்ப மறுத்தால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் அண்ணனே டபிள்யூசிஎல் 3 படிவத்தைக் கொடுக்கலாம். விபத்து நடந்து பன்னிரண்டு மாதங்களைத் தாண்டவிடாதீர்கள். ஏஜென்சி நிதியத்தில் பதிவே செய்யாமல் இருந்தாலும் தொழிலாளியின் உரிமை போவதில்லை. நிதியம் அவருக்குக் கொடுத்துவிட்டு ஏஜென்சியிடம் வசூலிக்கும்.

மருத்துவச் செலவும் இரண்டு ஆண்டுகள் வரை நிதியத்தின் பொறுப்பு. கைக்கான உடற்பயிற்சிச் சிகிச்சையைச் செலவுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இசிபிங்கோ_ஓட்டுநர் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ‘இயந்திரத்தின் காப்புத் தகட்டை அவனே கழற்றினான்’ என்று எழுதிவிடுவார்களே? எங்கள் யார்டில் ஒருவருக்கு அப்படித்தான் எழுதினார்கள், அவரும் பயந்து ஒதுங்கிவிட்டார்.

பழைய_ஷாப்ஸ்டூவர்டு எழுதியது:

அவர் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை, தம்பி. கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. வேண்டுமென்றே செய்த கடுமையான ஒழுங்கீனம் என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். அப்போதும் காயம் கடுமையான ஊனத்தை விளைவித்திருந்தால், அல்லது தொழிலாளி இறந்து அவரை நம்பியிருந்தவர்கள் இருந்தால், நிதியம் கொடுத்தாக வேண்டும். உத்தரவை மீறி வேலை செய்திருந்தாலும் அது முதலாளியின் வேலைக்காகவே செய்யப்பட்டிருந்தால் வேலைக்கிடையில் நடந்த விபத்தாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். காப்புத் தகட்டை யாரும் பொழுதுபோக்குக்காகக் கழற்றுவதில்லை. மணிக்கு இத்தனை பெட்டி என்று கணக்குக் கேட்பதால்தான் கழற்றுகிறார்கள். ஆலைத் தளத்தில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

மேலும், தகடு இல்லாமல் இயந்திரம் ஓடுவது மேற்பார்வையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்றால் கத்தி மறுபக்கம் திரும்புகிறது. முதலாளியின் அல்லது அவருடைய மேலாளரின் அலட்சியத்தால் விபத்து நேர்ந்தது என்று காட்ட முடிந்தால், வழக்கமான இழப்பீட்டுக்கு மேல் கூடுதல் இழப்பீடு கேட்க 56ஆம் பிரிவு வழி செய்கிறது. விபத்து நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் தொழிற்சங்கம் இல்லாத இடங்களில் அப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்வதில்லை. உடலுறுப்பு இழப்பு என்பதால் பாதுகாப்புச் சட்டப்படி தொழிலாளர் துறை ஆய்வாளருக்கும் இது தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று கேளுங்கள். அண்ணனுடன் அதே ஷிப்டில் இருந்தவர்கள் இருவரிடமாவது நடந்ததை எழுதி வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவர்களுக்கும் நினைவிருக்காது, அல்லது வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள்.

சாட்ஸ்வர்த்_தங்கை எழுதியது:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. இன்று அண்ணி தொலைபேசியில் கேட்டார். அறிக்கை அனுப்புவது ஆலையின் வேலை என்று ஏஜென்சி சொல்கிறது. அவர் எங்கள் ஆளே இல்லை என்று ஆலை சொல்கிறது. உண்மையில் யார் முதலாளி?

பைன்டவுன்_சம்பளப்பிரிவு எழுதியது:

இரண்டு சட்டங்களுக்கு இரண்டு பதில். இதைத் தெரிந்துகொண்டுதான் இரு பக்கமும் உங்களைப் பந்தாடுகிறார்கள்.

இழப்பீட்டுச் சட்டம் ‘முதலாளி’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ஆள் அனுப்பும் தரகரைச் சேர்த்திருக்கிறது. ஆகவே டபிள்யூசிஎல் 2 அனுப்புவதும் மூன்று மாதம் 75 விழுக்காடு கொடுப்பதும் ஏஜென்சியின் கடமை.

வேலை உறவுச் சட்டத்தில் நிலைமை வேறு. குறிப்பிட்ட ஊதிய வரம்புக்குக் கீழே சம்பாதிக்கும் ஒருவரை மூன்று மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைத்திருந்தால், அந்த இடத்துக்காரரே முதலாளியாகக் கருதப்படுவார் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. அது இருவருக்கும் பொதுவான பொறுப்பா, ஆலைக்கு மட்டுமா என்று பெரிய வழக்கு நடந்து, 2018 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை ஆலை மட்டுமே முதலாளி என்று தீர்ப்புக் கூறியது. அண்ணன் நான்கு ஆண்டுகள் அங்கே இருந்திருக்கிறார், ஆண்டு வருமானமும் வரம்புக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. ஆகவே அவரை வேலையிலிருந்து நீக்குவது பற்றிய கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆலைக்காரர்.

அந்தப் பிரிவு ஒப்பந்தத்தின் உண்மையான நோக்கம் இங்கேதான் தெரிகிறது. இழப்பீட்டு உரிமையை யாரும் எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது. அப்படி எழுதினாலும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் வேலையை விட்டுவிடச் சம்மதித்தால் அந்தச் சம்மதம் செல்லும். உடல்நிலை காரணமாக ஒருவரை நீக்குவதற்கு முன், அவரால் வேறு என்ன வேலை செய்ய முடியும், இயந்திரத்தை அல்லது நேரத்தை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று முதலாளி ஆராய வேண்டும்; வேலையில் காயம்பட்டவர் விஷயத்தில் இந்தக் கடமை இன்னும் கனமானது. கையெழுத்து விழுந்துவிட்டால் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஒருவேளை நீக்கிவிட்டார்கள் என்றால் 30 நாட்களுக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் புகார் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இதை நான் உறுதியாகச் சொல்லாமல் வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்கிறேன்: முதலாளிமீது வழக்குத் தொடரக் கூடாது என்ற தடை இழப்பீட்டுச் சட்டத்தின்படி முதலாளியாக இருப்பவரைத்தான் காக்கிறது. ஏஜென்சி முதலாளி என்றால், ஆலையின் அலட்சியத்துக்காக ஆலைமீது வழக்குத் தொடரும் வழி திறந்திருக்கலாம். ‘அவர் எங்கள் ஆளே இல்லை’ என்று ஆலை சொன்னதை எழுத்தில் வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

இசிபிங்கோ_ஓட்டுநர் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். கடைசியில் ஊனத்துக்கு இத்தனை விழுக்காடு என்று போட்டு மொத்தமாகப் பணம் கொடுப்பார்கள் அல்லவா? அதை வாங்கி ஒரு சின்னக் கடை போட்டுக்கொள்வது நல்லதல்லவா? மாதம் மாதம் அவர்களுடைய தயவை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, கையில் வரும் ஒரு தொகை மேல்.

பழைய_ஷாப்ஸ்டூவர்டு எழுதியது:

தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இல்லை, தம்பி, விழுக்காடுதான் தீர்மானிக்கிறது. நிரந்தர ஊனம் 30 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே என்றால் மொத்தத் தொகை; 30ஐத் தாண்டினால் ஆயுள் வரை மாத ஓய்வூதியம். சட்டத்தின் அட்டவணையில் ஒரு கண் பார்வை போனால் 30 என்றும், இரு காதும் முழுதாகக் கேட்காமல் போனால் 50 என்றும், இரு கை போனால் 100 என்றும் போட்டிருக்கிறது.

தங்கையின் அண்ணன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சரியாக 30 என்று முடிவானால் மாதச் சம்பளத்தைப் போல 15 மடங்கு, அதாவது 1,80,000 ராண்டு (ஆண்டுதோறும் அரசிதழில் வரும் மேல்வரம்புக்கு உட்பட்டு). 31 என்று முடிவானால், 100 விழுக்காட்டுக்கு உரிய 9,000த்தில் 31 விழுக்காடு, அதாவது மாதம் 2,790 ராண்டு. ஐந்தரை ஆண்டு ஆவதற்குள்ளாகவே ஓய்வூதியம் அந்த மொத்தத் தொகையை எட்டிவிடும். அவருக்கு 41 வயது. 60 வயது வரை மட்டும் கணக்கிட்டால்கூட ஆறு லட்சத்தைத் தாண்டும், அதுவும் எந்த உயர்வும் சேர்க்காமல். ஒரே ஒரு விழுக்காடு இவ்வளவு பெரிய பள்ளமாக இருப்பது எனக்கு எப்போதும் இந்தச் சட்டத்தின் மிக மோசமான பகுதியாகத் தெரிந்திருக்கிறது. 29, 30 என்று முடிவு வரும் கடிதங்களை நான் வழக்கத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

மொத்தத் தொகை வாங்கிக் கடை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சிலர் நன்றாக இருக்கிறார்கள். பலருடைய பணம் தங்கையின் திருமணத்துக்கும் மைத்துனரின் காருக்கும் போனது. கை ஊனமானவன் வீட்டில் பணம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் கடன் கேட்க வருகிறவர்களுக்குக் குறைவிருக்காது.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது: சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் எழுதும் இறுதி அறிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘மூன்று விரல் நீக்கம்’ என்று மட்டும் எழுதினால் அட்டவணையில் உள்ள எண்களைக் கூட்டிவிடுவார்கள். கட்டைவிரல் மடங்காதது, பிடிமானம் எவ்வளவு குறைந்தது, உணர்வு இழந்த பகுதி, வலது கைக்காரர் என்பது, எல்லாம் அளவோடு எழுதப்பட வேண்டும். ஒருவருடைய தொழிலின் தன்மையால் காயத்தின் விளைவு வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக இருந்தால் அட்டவணையைவிட அதிக விழுக்காடு கொடுக்க அதிகாரிகளுக்கு இடமிருக்கிறது. கையாலேயே பிழைத்தவர் என்பதை யாராவது எழுதினால்தானே அவர்கள் படிப்பார்கள்?

மிட்ராண்ட்_மென்பொருளாளர் எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நான் மதுரையிலிருந்து வேலை அனுமதியில் வந்து கவுடெங்கில் இருக்கிறேன். எனக்கு வேலையில் விபத்து எதுவும் இல்லை; ஆனால் விழித்திரை நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, திரையைப் பார்த்து வேலை செய்வது நாளுக்கு நாள் கடினமாகிறது. மேலாளர் நல்ல மனிதர். ‘ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள்’ என்று அன்பாகவே சொல்கிறார். வேலையால் வராத நோய் என்பதால் இந்தச் சட்டம் எனக்கு உதவாது என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது இருக்கிறதா? வெளிநாட்டவனுக்கு எது பொருந்தும்?

காப்புறுதி_மேசை எழுதியது:

நான் குழுக் காப்புறுதிக் கோரிக்கைகளை ஆராயும் பணியில் இருந்தவள். தம்பி, உங்கள் மேலாளரின் அன்பான யோசனை உங்களுக்குப் பெரும் இழப்பைத் தரக்கூடியது. ராஜினாமா செய்தால் உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்புறுதியிலிருந்து நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். முதலில் உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். வருமானக் காப்பு அல்லது ஊனக் காப்பு என்று ஏதாவது பிடித்தம் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் ஓய்வூதிய நிதியின் உறுப்பினர் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சில நிறுவனங்களில் அந்தக் காப்பு நிதிக்குள்ளேயே இருக்கும்.

வருமானக் காப்பு இருந்தால் வழக்கமாகச் சம்பளத்தில் 75 விழுக்காடு வரை, ஒப்பந்தத்தில் உள்ள ஓய்வு வயது வரை மாதந்தோறும் கிடைக்கும். மூன்று அல்லது ஆறு மாதக் காத்திருப்புக் காலம் இருக்கும்; அந்த இடைவெளியை நோய் விடுப்பும் யூஐஎஃப் நோய்க்காலப் பணமும்தான் நிரப்ப வேண்டும். 2015 மார்ச் முதல் இந்த மாதப் பணத்துக்கு வருமான வரி இல்லை. அதற்கு மாறாக, கட்டும் தவணைக்கு வரிக்கழிவு கேட்க முடியாது.

ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டிய வாசகம், ஊனம் என்றால் என்ன என்று அவர்கள் தரும் விளக்கம். ‘தன் சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமை’ என்று இருந்தால் மென்பொருள் எழுத முடியாது என்று காட்டினால் போதும். ‘கல்விக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எந்தத் தொழிலையும் செய்ய இயலாமை’ என்று இருந்தால், உங்களால் பயிற்சி கொடுக்க முடியாதா, திட்ட மேலாண்மை பார்க்க முடியாதா என்று கேட்பார்கள். பல ஒப்பந்தங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சொந்தத் தொழில், அதன் பிறகு ஏற்ற தொழில் என்று மாறும்; அந்த மாற்றத்தின்போதுதான் பலருக்குப் பணம் நின்றுபோய்க் குடும்பம் திகைக்கும். கோரிக்கையை எத்தனை மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற வரம்பையும், காப்பில் சேர்வதற்கு முன்பே இருந்த நோய்களுக்கான விலக்கையும் பாருங்கள். கண் மருத்துவரின் முதல் குறிப்பின் தேதி உங்களுக்கு மிக முக்கியம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுப்புக்கு எதிராக நிறுவனத்திடமே முறையிட 90 நாட்களாவது தர வேண்டும். அதற்குப் பிறகு தேசிய நிதிக் குறைதீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம்; பழைய ஆயுள் காப்புறுதிக் குறைதீர்ப்பாளர் முதலான நான்கு அலுவலகங்கள் சேர்ந்து 2024 மார்ச்சில் அது தொடங்கியது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. காப்பு ஓய்வூதிய நிதியின் பகுதியாக இருந்தால் மட்டும் ஓய்வூதிய நிதித் தீர்ப்பாளரிடம் போக வேண்டும்.

சமூகப்பணி_டோங்காட் எழுதியது:

வெளிநாட்டவர் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வேலைக் காயத்துக்கான இழப்பீட்டில் குடியுரிமை பார்ப்பதில்லை. வேலை ஒப்பந்தத்தில் வந்தவர்களையும் 2018 முதல் யூஐஎஃப் உள்ளே சேர்த்துக்கொண்டது. ஆகவே பங்குத்தொகை கட்டியிருந்தால் நோய்க்காலப் பணம் கேட்கலாம். சாசாவின் ஊனமுற்றோர் உதவித்தொகை மட்டும் குடிமக்களுக்கும், நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கும்தான். நிரந்தரக் குடியிருப்பாளர்களைச் சேர்த்ததே 2004இல் கோசா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால்தான். வேலை அனுமதியில் இருப்பவருக்கு அந்தக் கதவு இல்லை.

உதவித்தொகையைப் பற்றிச் சாட்ஸ்வர்த் தங்கைக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கானது. 60 ஆனதும் முதியோர் தொகையாக மாறிவிடும். 2025இல் மாதம் 2,300 ராண்டைச் சற்றே தாண்டியது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீடிக்கும் ஊனத்துக்குத் தற்காலிகமாகவும், அதற்கு மேற்பட்டதற்கு நிரந்தரமாகவும் கொடுப்பார்கள். வருமானமும் சொத்தும் பார்ப்பார்கள். திருமணமானவர் என்றால் கணவன் மனைவி இருவருடைய வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். விரல் இல்லை என்பது மட்டும் போதாது, அதனால் பிழைக்க முடியவில்லை என்று மருத்துவ மதிப்பீடு சொல்ல வேண்டும். நிதியத்திலிருந்து வரும் ஓய்வூதியமும் வருமானமாகக் கணக்கில் சேரும். மறுத்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இது வேறெதுவும் இல்லாதவருக்காக வைத்திருக்கும் தொகை. முதலாளி கொடுக்க வேண்டிய இடத்தில் இதைக் காட்டுவது, அரசாங்கத்தின் தலையில் தன் கடனைக் கட்டுவதாகும். எங்கள் மருத்துவமனை வரிசைகளில் அப்படி அனுப்பப்பட்டவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஃபீனிக்ஸ்_மருமகள் எழுதியது:

எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு வரும் அம்மாவுக்கு இதெல்லாம் உண்டா? மாமியார் ‘அது கம்பெனிகளுக்கு’ என்கிறார்.

பழைய_ஷாப்ஸ்டூவர்டு எழுதியது:

மாமியார் சொல்வது 2020 வரை சட்டமாக இருந்தது. ப்ரிட்டோரியாவில் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் வேலை செய்த மரியா மஹ்லாங்கு என்ற அம்மையார் 2012இல் அந்த வீட்டின் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். வீட்டு வேலைக்காரர்கள் சட்டத்துக்கு வெளியே இருந்ததால் மகளுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கில் 2020 நவம்பர் 19 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்புக் கூறியது, அதுவும் 1994 ஏப்ரல் 27 முதல் செல்லாது என்று. இப்போது வீட்டுக்காரரும் முதலாளிதான். நிதியத்தில் பதிவு செய்து ஆண்டுக்கட்டணம் கட்ட வேண்டும். நம் வீடுகளில் இதைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை, ஆனால் மாமியாரிடம் கேளுங்கள்.

காப்புறுதி_மேசை எழுதியது:

தங்கை முதல் பதிவில் மரச்சாமான் கடன் என்று எழுதியிருந்தார், அதை யாரும் தொடவில்லை. கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ‘கடன் காப்புறுதி’ என்று மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடித்திருப்பார்கள். 2017 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள விதிகள் அந்தக் காப்புறுதி குறைந்தபட்சம் எதையெல்லாம் தர வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன: நிரந்தர ஊனமானால் மீதிக் கடன் முழுவதும், தற்காலிக ஊனத்தால் வருமானம் நின்றால் பன்னிரண்டு மாதம் வரையிலான தவணைகள். பணம் கட்டியும் கோராமல் விடுபவர்கள் இதில்தான் மிக அதிகம், ஏனென்றால் கட்டுவதே பலருக்குத் தெரியாது. கார் கடன், தனிநபர் கடன், வங்கி அட்டை எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

இசிபிங்கோ_ஓட்டுநர் எழுதியது:

நான் சொந்த வண்டியில் செயலி மூலம் பயணிகளை ஏற்றுகிறேன். எனக்கு முதலாளி இல்லை. அப்படியானால் எனக்கு இதில் எதுவுமே இல்லையா?

காப்புறுதி_மேசை எழுதியது:

சாலை விபத்து என்றால், மற்றொரு ஓட்டுநரின் தவறு இருக்கும் அளவுக்குச் சாலை விபத்து நிதியத்திடம் கோரலாம். அதைத் தவிர, இன்றைய சட்டத்தில் உங்களுக்காக யாரும் கட்டவில்லை, தம்பி. தனிநபர் வருமானக் காப்பு ஒன்றை நீங்களே எடுக்க வேண்டும். கையால் உழைப்பவருக்கும் ஓட்டுநருக்கும் தவணை அதிகமாகத்தான் இருக்கும். முழுத் தொகைக்கு முடியாவிட்டால், காத்திருப்புக் காலத்தை நீட்டிக் கேட்டுப் பாருங்கள், தவணை குறையும். இறுதிச்சடங்குக் காப்புறுதி மூன்று வைத்திருக்கும் வீடுகளில் ஊனக் காப்பு ஒன்றுகூட இல்லாததைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். மூன்றில் ஒன்றை நிறுத்தினாலே பணம் கிடைக்கும்.

சாட்ஸ்வர்த்_தங்கை எழுதியது:

ஏஜென்சிக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டோம்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, டபிள்யூசிஎல் 2 நகலும் மாதம் 9,000 ராண்டும் வேண்டும் என்று. ஆலையின் மனிதவள அலுவலருக்கும் நகல் அனுப்பினோம். அண்ணன் இன்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் தன் படிவத்தைக் கொடுத்து முத்திரை வாங்கி வந்திருக்கிறார். ஏஜென்சியிடமிருந்து உடனே பதில் வந்தது: படிவம் ‘இந்த வாரம்’ போகும் என்கிறார்கள். மரச்சாமான் கடையின் ஒப்பந்தத்தில் காப்புறுதிப் பிடித்தம் இருக்கிறது. அந்த அக்காவுக்குத் தனியாக நன்றி.

ஒரே ஒரு கேள்வி. நிதியம் முடிவாக ஒரு விழுக்காட்டைச் சொல்லி, அது குறைவு என்று எங்களுக்குத் தோன்றினால் என்ன செய்வது? மொத்தத் தொகை வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால் எதிர்க்கும் உரிமை போய்விடுமா?

பழைய_ஷாப்ஸ்டூவர்டு எழுதியது:

போகாது. முடிவு வந்த 180 நாட்களுக்குள் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். கடிதம் வந்த உறையையும் சேர்த்து வையுங்கள், தேதி அதில்தான் இருக்கும். மனுவுடன் வேறொரு கை அறுவைச் சிகிச்சை நிபுணரின் அறிக்கையும், முடிந்தால் தொழில்சார் சிகிச்சையாளரின் பிடிமான அளவீடும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் ‘குறைவு’ என்று மட்டும் எழுதிய மனுக்கள் அப்படியே திரும்பி வரும். விசாரணையில் தொழிற்சங்கப் பிரதிநிதியும் உடன் உட்காரலாம். அந்த நிலை வந்தால் இங்கேயே எழுதுங்கள், மனுவை எழுத நான் உதவுகிறேன். அதுவரை அண்ணன் எந்தச் சிகிச்சை நாளையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட ஒவ்வொரு நாளையும் அவர்கள் கோப்பில் குறித்து வைப்பார்கள்.